பிறந்த வீட்டுக் கோடி

கேதம் சொல்ல வந்தவனைத் தடுக்கக் கூடாது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற சட்டம். எவ்வளவு பெரிய பகையாக இருந்தாலும் சரி, சாவுச் செய்தி கொண்டு வருகிறவன் வாசல்வரை வரலாம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், மேலே ஒரு கீறல் விழாமல் திரும்பிப் போகலாம். அதனால்தான் நாற்பத்தேழாம் வருடம் ஆடி பிறந்த சில நாளில், கூடலூர் தவசியின் களத்துமேட்டில் காலையிலேயே கருத்தக்கண்ணன் வந்து நின்றபோது தவசி பேசாமல் இருந்தான். வேறு எந்தக் காரியமாக அவன் வந்திருந்தாலும் தவசியின் கை மண்வெட்டியைத் தேடியிருக்கும்.

"ஒங்க தங்கச்சி சந்தனம்மா ராத்திரி போய்ச் சேந்துருச்சுண்ணே," என்றான் கருத்தக்கண்ணன். "மலைக்காய்ச்சல். பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரணும்னு சொல்லி விட்டாக."

தவசிக்குத் தங்கச்சி கிடையாது. கிடையாது என்று ஒன்பது வருடமாக அவனே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். தாய்மாமன் மகனுக்கென்று பேசி முடித்திருந்த பெண், ஏலத்தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த மலைச்சாமியோடு குமுளிப் பக்கம் மலையேறிப் போய்விட்டாள். அது கல்யாணமும் இல்லை, அது குடும்பமும் இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஊர் நடுவில் நின்று சொன்னான். மகள் பிறந்திருக்கிறது என்று ஆள் வந்தது, போகவில்லை. மகளுக்குக் காது குத்த வேண்டும், தாய்மாமன் மடி வேண்டும் என்று ஆள் வந்தது, அதற்கும் போகவில்லை.

கோபத்தையும் மாட்டைப்போலத் தினமும் எழுந்து தீனி போட்டுத் தண்ணீர் காட்டிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மாடாவது உழவுக்கு ஆகும். பாதி வழியிலேயே தவசிக்கு அலுத்துப் போய்விட்டது, ஆனால் அவிழ்த்துவிட வழி தெரியவில்லை. அவிழ்த்துவிட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்தான். ஊர் அந்த விஷயத்தை எப்போதோ மறந்துவிட்டது என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

அந்தக் காதுகுத்துக்கு மடி கொடுத்தவன் இதே கருத்தக்கண்ணன்தான். ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கடமலைக்குண்டில் பிறந்து, பிழைக்க மலையேறி, சந்தனம்மாள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறவன். வேலைக்குப் போகிற வழியில் "தங்கச்சி, தண்ணி குடு" என்று கேட்க ஆரம்பித்து அப்படியே அண்ணனாகிப் போனவன். இதெல்லாம் தவசிக்குக் காதில் விழுந்த சேதிகள். அதனாலேயே அவனைக் கண்டால் ஆகாது.

"நான் வரலைன்னா?" என்றான் தவசி.

"நான் கோடி போட்டுருவேன். துணி எடுத்து வச்சிருக்கேன்." கருத்தக்கண்ணன் இரவெல்லாம் விழித்த கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அது ஒங்க காரியம். ஒங்களக் கேக்காமப் போட்டா நாளைக்கு ஒரு பேச்சு வரும். அதுக்குத்தான் எறங்கி வந்தேன். வந்து போடுங்கண்ணே."

கல்யாணமாகிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும். உடுத்தாத, தண்ணீரில் நனையாத சேலை. அதுதான் கோடி. அது விழாமல் அவளை வீட்டிலிருந்து தூக்கக் கூடாது. அதைப் போடுகிறவன் யாரோ அவன்தான் பிறந்த வீடு. அன்றிலிருந்து அவள் பிள்ளைகளின் நல்லது கெட்டதுக்கு அவனைக் கேட்டுத்தான் செய்வார்கள்.

தவசியின் பெண்டாட்டி ஜக்கம்மாதான் களத்தை ஒட்டிய வீட்டுக்குள் போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத அரக்குச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். ரேஷனில் துணி அளந்து கொடுக்கிற காலம். புதுச்சேலை என்பது கண்ணால் பார்க்கக் கிடைக்காது.

"இது ஏது?"

"காதுகுத்துக்கு நீங்க போவீகன்னு நெனச்சு எடுத்தது," என்றாள் ஜக்கம்மா. அவள் குரலில் சண்டைகூட இல்லை. தவசி சேலையைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டான்.

லோயர் கேம்ப் வரைக்கும் கரியில் ஓடுகிற பஸ் இருமிக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கிருந்து குறுக்குப் பாதையில் ஏற்றம். கருத்தக்கண்ணன் முன்னால் போக, தவசி பின்னால் மூச்சு வாங்க ஏறினான். சாரல் விடாமல் தூறியது. சேலை நனைந்துவிடக் கூடாதே என்று துண்டின் மேல் வாழைச்சருகைச் சுற்றிக்கொண்டான். செத்துப்போனவளை நினைத்து அழுகை வர வேண்டும், வரவில்லை. கால் வலிதான் தெரிந்தது. தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது.

மேடு முடிவதற்குக் கொஞ்சம் கீழே, மெட்ராஸ் சீமை முடிகிற இடத்தில், ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் தடி கிடந்தது. பக்கத்தில் ஒரு கொட்டகை, அதில் சிவில் சப்ளை சாவடிக்காரர். எதிரே தகரம் போட்ட டீக்கடை. தடிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் ஏறினால் திருவாங்கூர்க்காரர்களின் சுங்கச் சவுக்கை.

"கக்கத்துல என்ன?" என்றார் சாவடிக்காரர்.

"கோடிச் சேலைங்கய்யா. தங்கச்சி எறந்து போச்சு."

"புதுசா?"

"கோடின்னா புதுசுதானே சாமி."

"அப்பப் போகாது. நீ போகலாம், துணி போகாது."

பர்மிட் இல்லாமல் மெட்ராஸ் சீமைத் துணி ஒரு முழம்கூட மலைக்கு மேலே போகக் கூடாது. தவசி கும்பிட்டான். கருத்தக்கண்ணன் கெஞ்சினான். சாவடிக்காரரும் கல் நெஞ்சுக்காரர் அல்ல. நனைந்த சட்டையோடு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தார்.

"போன மாசம்னா ஒரு சேலைக்குப் போ போன்னு விட்ருப்பேன்ப்பா," என்றார். "இப்ப மகாராஜா தனி நாடுன்னு அறிக்கை விட்டுட்டாக. அடுத்த மாசம் வெள்ளைக்காரன் போயிட்டா மேலே இருக்கிறது நம்ம ஊரா, வேத்து நாடான்னு எங்க ஆபீசருக்கே தெரியல. தெரியற வரைக்கும் எதையும் அசைய விடாதன்னு உத்தரவு. நான் என்ன செய்யட்டும்?"

கருத்தக்கண்ணன் தவசியை ஓரமாகக் கூட்டிப் போனான். "சேலைய டீக்கடையில குடுத்து வச்சுட்டு வாங்க. என்கிட்ட இருக்கிற துணிய ஒங்க கையில தாறேன், நீங்க போட்டுருங்க."

"எரவல் கோடி போடச் சொல்றியா?" என்றான் தவசி. "அது எங்க வீட்டுப் பெட்டியில இருந்து போகணும்." ஒன்பது வருடம் போகாதவனுக்கு அந்த ஒரு முறைமை மட்டும் கெட்டுவிடக் கூடாதாம். கருத்தக்கண்ணன் வானத்தைப் பார்த்தான். பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது.

டீக்கடையில் பெரியகுளத்து வக்கீல் அழகர் உட்கார்ந்திருந்தார். மேலே கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோனார். அரிசியோடு காரையும் நிறுத்திவைத்துவிட்டார்கள். சட்டம் படித்த மனிதர் சட்டத்தில் மாட்டிக்கொண்டு மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கூடலூர்ச் சம்சாரிகள் சிலர். எல்லாருக்கும் ஒரே கவலை: மலைக்கு மேலே அணை இருக்கிற மண் மகாராஜாவுடையது, வெள்ளைக்காரன் குத்தகைக்கு வாங்கித் தண்ணீர் விடுகிறான், அவன் போனபிறகு வயலுக்குத் தண்ணீர் வருமா?

"மொதல்ல நாடுன்னா என்னன்னு கேளுங்கய்யா," என்றார் வக்கீல். "நாலு வேணும். நெலம் வேணும். அதுல நெலையா ஜனம் வேணும். ஜனத்தை ஆள ஒரு ஆட்சி வேணும். மத்த நாட்டோட பேசிப் பழகுற தகுதி வேணும். மகாராஜாகிட்ட மூணு இருக்கு. நாலாவதை இத்தனை நாளா வெள்ளைக்காரன் கையில விட்டு வச்சிருந்தாக. இப்ப அவன் போறான். அவன் போட்ட பழைய உடன்படிக்கையெல்லாம் அவனோடயே போச்சுன்னு மேல இருக்கிறவுக சொல்றாக."

"அப்பத் தண்ணி?"

"குத்தகையும் போச்சுன்னு அவுக சொல்லலாம். அது வேற, இது வேறன்னு நாம சொல்லலாம். ரெண்டு பேருக்கும் மேல நின்னு தீர்ப்புச் சொல்ல ஆள் வேணுமே? நாட்டுக்கும் நாட்டுக்கும் வழக்குன்னா ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் கோர்ட்டே கூடும்."

"பிரதிவாதி சம்மதிச்சாத்தான் வழக்கா?" என்றார் ஒரு சம்சாரி. "நல்லாருக்கே! நம்ம ஊரு கோர்ட்டுல அப்படி வச்சா நானும் தப்பிச்சிருப்பேன்." எல்லாரும் சிரித்தார்கள். தவசி சிரிக்கவில்லை.

"வக்கீலய்யா," என்றான். "ஒரு நாட்டை நாம ஒத்துக்கிறலைன்னா, அது நாடில்லைன்னு ஆயிருமா?"

"அதுல ரெண்டு கட்சி இருக்குப்பா. மத்தவுக ஒத்துக்கிட்டாத்தான் நாடுங்கிறது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. அங்கன விடிஞ்சா அடுப்பு எரியுது. வெதைக்கிறான், அறுக்கிறான், புள்ளை பெத்து வளக்கிறான், தப்புச் செஞ்சா தண்டிக்கிறான். நீ இங்கன நின்னுக்கிட்டு இல்லை இல்லைன்னு கத்துனா ஒனக்குத்தான் தொண்டை வலி. நீ ஒத்துக்கிறதால அது பொறக்கப் போறதில்லை. ஒன்னோட பேச்சு வார்த்தை வேணும்னா அதுக்கு ஒன் சம்மதம் வேணும், அவ்வளவுதான்."

"ஒத்துக்கிறதுன்னா எழுதிக் குடுக்கணுமா?"

"எழுதியும் குடுக்கலாம். ஒரு தூதனை மரியாதையா அனுப்பி வச்சாலும் ஒத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். செய்கை போதும், வாய் வேணாம்."

வக்கீல் நாடுகளைப் பற்றித்தான் பேசினார். தவசிக்கு மலைமேல் ஒரு வீட்டில் ஒன்பது வருடமாக விடியற்காலையில் எரிந்த அடுப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் இல்லை என்று சொல்லச் சொல்ல அது எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. காலையிலிருந்து வராத அழுகை அந்த டீக்கடையில் வந்து நின்றது. சருகு சுற்றிய பொட்டலத்தைக் காட்டி, விஷயத்தை வக்கீலிடம் சொன்னான்.

வக்கீல் சாவடிக்காரரைக் கூப்பிட்டார். "உடுத்தியிருக்கிற துணியைத் தடுக்கிறீகளா?"

"உடம்புல கெடக்கிறது சரக்கில்லைங்களே. அதை எப்படித் தடுக்கிறது?"

"அப்ப இதை நீ இடுப்புல சுத்திக்கிட்டுப் போப்பா."

"உடுத்துனா அது பழசுங்கய்யா," என்றான் தவசி. "பழசு கோடியாகாது."

வக்கீல் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு தொடையில் தட்டினார். "உடுத்த வேண்டியவளை இங்கன கொண்டுவரச் சொல்லு. சுடுகாடு எங்க இருக்கு?"

"சவுக்கைக்குப் பக்கந்தான்," என்றான் கருத்தக்கண்ணன்.

"பெறகென்ன? இன்னும் கொஞ்சம் எறங்கி வரட்டும். தடியைத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு முழம் வந்து நிக்கட்டும். அண்ணன்காரன் நம்ம சீமையில நின்னு போத்தட்டும். அதுக்கப்புறம் அது அவ உடுத்தின துணி. உடுத்தினது சரக்கில்லை. யாரும் தடுக்க முடியாது."

சம்சாரிகள் ஆகா என்றார்கள். சாவடிக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "பொணம் உள்ள வரலாம்னு எனக்கு உத்தரவில்லை. வரக் கூடாதுன்னும் இல்லை," என்றார். "சீக்கிரம் முடிச்சுக்கிறணும்."

கருத்தக்கண்ணன் எதையோ சொல்ல வாயெடுத்தான். எல்லாரும் வக்கீலின் புத்தியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். தவசி, "நிக்காதப்பா, ஓடு," என்றான். கருத்தக்கண்ணன் தடிக்கு அடியில் குனிந்து, மேட்டில் ஏறி மறைந்தான்.

தவசி தடிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தான். மலைச்சாமி முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அந்த மகள் எப்படி இருப்பாள், யார் சாயல்? ஒன்றும் தெரியாது. பக்கத்து மலையில் இருந்த பிள்ளையைப் பார்க்காமலே ஒன்பது வருடத்தை ஓட்டியிருக்கிறான். எல்லாவற்றையும் கோடியில் சரி செய்துவிடலாம் என்று ஒரு ஆசை. சேலையைப் போட்டுவிட்டால் நான்தான் பிறந்த வீடு, அந்தப் பிள்ளைக்கு நான்தான் தாய்மாமன். வெயில் இல்லாத வானத்தில் பொழுது எங்கே நிற்கிறது என்றுகூடத் தெரியவில்லை. சாரல் மட்டும் விடவில்லை.

கொட்டுச் சத்தம் கேட்டது. பாடை மேட்டிலிருந்து இறங்கி வந்தது. மலைச்சாமி முன்னால் வந்தான். நரைத்து, வற்றிப்போயிருந்தான். முன்கழியில் ஒரு தோள் கருத்தக்கண்ணனுடையது. சாவடிக்காரர் தடியைத் தூக்கினார். பாடையை அந்த ஒரு முழத்துக்குள் இறக்கி வைத்தார்கள்.

சந்தனம்மாள்மேல் பச்சைச் சேலை ஒன்று போர்த்தியிருந்தது. முனையில் மஞ்சள் தடவிய புதுச்சேலை.

"யாரு போட்டது?" என்றான் தவசி. தெரிந்துகொண்டே கேட்டான்.

"நாந்தாண்ணே," என்றான் கருத்தக்கண்ணன். அவனுக்கு இன்னும் மூச்சு இரைத்தது. "கோடி விழாமத் தூக்க விட மாட்டோம்னு பொம்பளைக வாசல மறிச்சு நின்னாக. தூக்காம இங்கன எப்படிக் கொண்டாறது? வக்கீலய்யா சொன்னப்பவே எனக்குத் தோணுச்சு."

தவசிக்குத் தோன்றியிருக்க வேண்டும். கோடி விழாமல் தூக்கக் கூடாது என்பது அவன் வீட்டுச் சட்டம். காலையிலிருந்து அதற்காகத்தானே மலையேறினான்? மேல்சீமைச் சட்டத்தையும் கீழ்ச்சீமைச் சட்டத்தையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தவன் சொந்தச் சட்டத்தைக் கோட்டை விட்டுவிட்டான். வக்கீல் தன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வர வேண்டிய இடம். பழக்கத்தில் அதைத் தேடிக்கூடப் பார்த்தான். அது இல்லை. அவிழ்த்துவிட வழி தெரியாமல் கட்டி வைத்திருந்தது எங்கேயோ செத்து விழுந்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தான். கன்னம் ஒட்டி, பல் தெரிய, அவன் ஆத்தாவின் கடைசிக் காலத்து முகமாக இருந்தது. "மாப்ள," என்றான். அந்தச் சொல்லை முதன்முதலாகச் சொல்வதால் குரல் பிசிறியது. "நான் போடலாமா மாப்ள?"

மலைச்சாமி அவனை நிமிர்ந்து பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் அவனிடம் தெம்பில்லை. "என்னையக் கேக்காதீக," என்றான். "அவளுக்குப் பெறந்த வீடு அங்கன நிக்கிது. அவுகளக் கேளுங்க."

அவுக என்று அவன் காட்டியது கருத்தக்கண்ணனை. தவசி திரும்பினான். காலையில் களத்துமேட்டில் நின்று கேட்டவன் இவன். இப்போது இவனிடம் நின்று கேட்க வேண்டியிருந்தது.

"போடட்டுமாப்பா?"

"போடுங்கண்ணே," என்றான் கருத்தக்கண்ணன். அவன் அழுதுகொண்டிருந்தான். "மேலாக்கப் போடுங்க. நான் போட்டத எடுக்க மாட்டேன்."

தவசி சருகை உரித்தான். ஒரு ஓரத்தில்கூடச் சேலை நனையவில்லை. மடிப்பைப் பிரித்துப் பச்சைக்கு மேலே அரக்கைப் போர்த்தினான். கால்மாட்டில் துணி கொஞ்சம் சுருண்டிருந்ததை இழுத்துவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்ய முடிந்தது.

"மக பேரு என்ன?" என்று மலைச்சாமியிடம் கேட்டான்.

"மாயக்கா. ஒங்க ஆத்தா பேரு. அவதான் வச்சா."

தவசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவள் அந்த வீட்டில் அவன் ஆத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டீக்கடையில் இருந்த சம்சாரிகளும் வக்கீலும் எழுந்து நின்றார்கள்.

பாடையைத் தூக்கினார்கள். முன்னால் கருத்தக்கண்ணன் தோள் கொடுத்தான், அது உடன்பிறந்தவன் இடம். தவசி பின்னால் போய் நின்றான். பின்கழியைப் பிடித்திருந்த ஒருவன் விலகி இடம் விட்டான். தோளில் விழுந்த பாரம் நினைத்ததைவிடக் குறைவாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

தடியைத் தூக்கிப் பிடித்திருந்த சாவடிக்காரர் பாடைமேல் கிடந்த இரண்டு சேலைகளையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், தவசி தாண்டும்போது தன்னாலே கேட்டுவிட்டது: "கையில என்ன கொண்டு போறே?"

"ஒண்ணுமில்லய்யா," என்றான் தவசி.